பிக் சர் கரைச்சாலையும் திரும்பி வந்த விலங்குகளும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தின் நடுப்பகுதியில், கார்மெல் என்ற ஊருக்கும் சான் சிமியன் என்ற ஊருக்கும் இடையே ஏறத்தாழ 145 கி.மீ. நீளும் கரைக்குப் பிக் சர் என்று பெயர். சாண்டா லூசியா மலைத்தொடர் இங்கே சமவெளி என்று ஒன்றை விடாமல் நேராகப் பசிபிக் கடலில் இறங்குகிறது. அத்தொடரில் உள்ள கோன் பீக் சிகரம் 1,571 மீட்டர் உயரம். அதன் உச்சியிலிருந்து கடல் சுமார் ஐந்து கி.மீ. தொலைவுதான். மலைக்கும் அலைக்கும் நடுவே, பாறையைக் குடைந்து போட்ட இருவழிச் சாலை ஒன்று இக்கரை நெடுகிலும் வளைந்து ஓடுகிறது. 1,056 கி.மீ. நீளமுள்ள கலிபோர்னியா முதல் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. காரிலும், சமையலறையும் படுக்கையும் கொண்ட கேரவன் வண்டியிலும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இவ்வழியே பயணம் செய்கிறார்கள்.

இப்பயணத்தில் கடல் நீர்நாய், யானை சீல், சாம்பல் திமிங்கலம், காண்டார் என்ற பெரும் பறவை ஆகிய நான்கையும் பார்க்கலாம். இந்த நான்குமே ஒரு காலத்தில் அழிவின் விளிம்பைத் தொட்டு மீண்டவை. ஆள் அண்டாத தனிமை அவற்றில் சிலவற்றைக் காப்பாற்றியது. சாலை வந்ததும் அந்தத் தனிமை போயிற்று. அதன்பின் காக்கும் பொறுப்பு சட்டத்தின்மீதும், பார்க்க வருபவர்களின் கட்டுப்பாட்டின்மீதும் விழுந்தது. பிக் சர் கரையின் வரலாறு இந்தக் கைமாற்றத்தின் வரலாறு.

சாலைக்கு முந்திய கரை

எஸலென், சலினன், ஓலோனி ஆகிய பழங்குடியினர் இக்கரையில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தார்கள். ஓக் மரத்தின் கொட்டையை மாவாக்கி உண்டார்கள். கடலோரப் பாறைகளில் சிப்பியும் நத்தையும் எடுத்தார்கள். 1769ஆம் ஆண்டு காஸ்பர் தே போர்த்தோலா தலைமையில் ஸ்பானியப் படை ஒன்று மான்டெரே விரிகுடாவைத் தேடித் தெற்கிலிருந்து கரையோரமாகவே வடக்கே வந்தது. சாண்டா லூசியா மலை கடலுக்குள் இறங்கும் இடம் வந்ததும் அதற்குமேல் நகர வழியில்லை. படை கரையை விட்டு மலையேறி உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வழியே சுற்றிச் சென்றது. மறு ஆண்டு மான்டெரேயில் கோட்டையும் கிறித்தவ மடமும் எழுந்தன. அங்கு குடியேறியவர்கள் தெற்கே கிடந்த, தாங்கள் அறியாத மலைநாட்டைத் 'தெற்கின் பெருநாடு' என்று பொருள்படும் ஸ்பானியச் சொற்றொடரால் அழைத்தார்கள். 'சூர்' என்றால் ஸ்பானிய மொழியில் தெற்கு. பின்னர் வந்த ஆங்கிலப் பேச்சு அதைப் 'பிக் சர்' ஆக்கியது.

கிறித்தவ மடங்களும் அவற்றோடு வந்த நோய்களும் பழங்குடியினரின் வாழ்க்கையைச் சிதைத்தன. எஸலென் மக்கள் தங்கள் நிலத்தை முற்றிலும் இழந்தார்கள். அந்நிலத்தில் 1,199 ஏக்கர், லிட்டில் சர் ஆற்றங்கரையில், 2020ஆம் ஆண்டுதான் அவர்கள் கைக்குத் திரும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சில குடும்பங்கள் இங்கு வந்து மாடு வளர்த்தன. 1869இல் வந்து தங்கிய ஃபைஃபர் குடும்பத்தின் பெயர் இன்றும் ஒரு மாநிலப் பூங்காவுக்கு இருக்கிறது. செம்மரக் காடுகள் வெட்டப்பட்டன. தோல் பதனிட உதவும் ஓக் பட்டை உரிக்கப்பட்டது. 1880களில் மலைச்சரிவில் சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. இரும்பு உலைகளான அவை துருப்பிடித்து லைம்கில்ன் பூங்காவில் இன்றும் நிற்கின்றன. இச்சரக்கு எதுவும் தரைவழியே போகவில்லை. செங்குத்தான பாறையிலிருந்து கம்பி வடம் கட்டி, கீழே நங்கூரமிட்ட கப்பலில் இறக்கினார்கள். கப்பல்கள் பாறையில் மோதி உடைவது வழக்கமாக இருந்ததால் 1889இல் பாயிண்ட் சர் குன்றின்மேல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது.

வேட்டை

மனிதர் குடியேறத் தயங்கிய இக்கரையைக் கடல்வழியே வந்த வேட்டைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. முதல் இரை கடல் நீர்நாய். குளிர்ந்த நீரில் வாழும் மற்றக் கடல் பாலூட்டிகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் உண்டு. நீர்நாய்க்கு அது இல்லை. உடல்சூட்டைக் காப்பது அதன் ரோமம் மட்டுமே. ஒரு சதுர அங்குலத் தோலில் பத்து லட்சம் வரை மயிர்கள் நெருங்கியிருக்கும்; உலகில் வேறெந்த விலங்குக்கும் இவ்வளவு அடர்ந்த ரோமம் கிடையாது. உயிரைக் காத்த அந்த ரோமமே அதற்கு எமனாயிற்று.

1741இல் கிளம்பிய பெரிங்கின் ரஷ்யப் பயணக்குழுவில் எஞ்சியவர்கள் மறு ஆண்டு வட பசிபிக் தீவுகளிலிருந்து நீர்நாய்த் தோல்களுடன் திரும்பினார்கள். கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில் சென்ற மாலுமிகள், அற்ப விலைக்கு வாங்கிய தோல்களைச் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் பெரும் விலைக்கு விற்றார்கள். செய்தி பரவியதும் ரஷ்யர், அமெரிக்கர், ஸ்பானியர் எல்லாரும் களத்தில் இறங்கினர். ரஷ்யர்கள் அலாஸ்காவின் அலூட் பழங்குடி வேட்டைக்காரர்களைத் தோல் படகுகளோடு கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேட்டைக்குத் தளமாக 1812இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஃபோர்ட் ராஸ் என்ற கோட்டையைக் கட்டினார்கள். நீர்நாய் அருகிப்போய், கோட்டை லாபம் தராமல், 1841இல் அதை விற்றுவிட்டு வெளியேறினார்கள். கலிபோர்னியாக் கரையில் வேட்டைக்கு முன் சுமார் 16,000 நீர்நாய்கள் இருந்திருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது அவை அடியோடு ஒழிந்தன என்றே பலரும் நம்பினார்கள்.

அடுத்து எண்ணெய். விளக்கெரிக்கவும் இயந்திரங்களுக்குப் பூசவும் திமிங்கலக் கொழுப்பும் யானை சீலின் கொழுப்பும் உருக்கப்பட்டன. 1860களில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் கார்மெலுக்குத் தெற்கே பாயிண்ட் லோபோஸ் குடாவில் திமிங்கல வேட்டைத் தளம் அமைத்தார்கள். குன்றின்மேல் நின்ற காவலாள் மூச்சுநீர் பீறிடுவதைப் பார்த்துக் குரல் கொடுத்ததும் படகுகள் கிளம்பும். பிடிபட்ட திமிங்கலத்தைக் கரைக்கு இழுத்து வந்து பெரும் இரும்புக் கொப்பரைகளில் கொழுப்பைக் காய்ச்சுவார்கள். அக்குடாவில் சீன மீனவர்கள் 1850களில் கட்டிய மரக்குடில் ஒன்று இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சாம்பல் திமிங்கலம் கரையை ஒட்டியே நீந்துவதால் தப்ப வழியில்லை. மெக்சிகோவின் பாகா பகுதியில் அது குட்டி ஈனும் உப்பங்கழிகளும் 1850களில் வேட்டைக் கப்பல்களுக்குத் தெரிந்துபோயின.

யானை சீலின் நிலை அதைவிடக் கொடிது. நிலத்தில் நெடுந்தூரம் ஓட முடியாத, ஆளைக் கண்டு அஞ்சாத விலங்கு அது. மணலில் கூட்டமாகப் படுத்துக் கிடக்கும்; ஈட்டியோடு போனால் போதும். 1880களில் அது இல்லாமல் போனதாகக் கருதப்பட்டது. 1892இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்குச் சென்ற அமெரிக்க ஆய்வுக்குழு எட்டு விலங்குகளைக் கண்டது. அருங்காட்சியகத்துக்காக அவற்றில் ஏழைக் கொன்றது. இனம் எப்படியும் அழியப்போகிறது, மாதிரியாவது மிஞ்சட்டும் என்பது அன்றைய நியாயம். நல்லவேளையாக, கண்ணில் படாத சில இன்னும் இருந்தன. 1922இல் மெக்சிகோ அத்தீவைப் பாதுகாப்பிடமாக அறிவித்தது. இன்று உயிரோடிருக்கும் வட பசிபிக் யானை சீல்கள் அனைத்தும் அந்தச் சிறு எச்சத்தின் வழித்தோன்றல்கள். அதனால்தான் அவற்றின் மரபணுக்களில் வேறுபாடு மிகக் குறைவு.

சாலை போட்ட கதை

இக்கரைக்குச் சாலை வேண்டும் என்று முதலில் விடாப்பிடியாக வாதிட்டவர் மான்டெரே பகுதி மருத்துவர் ஜான் ராபர்ட்ஸ். 1894இல் பாயிண்ட் சர் அருகே 'லாஸ் ஏஞ்சலஸ்' என்ற கப்பல் பாறையில் மோதியபோது, தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளிக்க அவர் குதிரை வண்டியில் கரடுமுரடான பாதையில் விரைந்தார். நோயாளியை அடைவதற்கே பல மணி நேரம் ஆகும் கரை இது என்பதை அவர் அறிந்திருந்தார். 1897இல் மான்டெரேயிலிருந்து சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை நடந்தே சென்று சாலைக்கான தடத்தைக் குறித்தார். 50,000 டாலரில் முடியும் என்பது அவர் போட்ட கணக்கு. மாநிலச் செனட் உறுப்பினர் எல்மர் ரிக்டன் அதை எடுத்துக்கொண்டார். 1919இல் மக்கள் வாக்களித்துப் 15 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். வேலை முடிந்தபோது செலவு ஏறத்தாழ ஒரு கோடி டாலர்.

பாறையை வெடிவைத்துப் பிளந்து, நீராவி மண்வாரிகளால் அள்ளி, கீழே கடலில் தள்ளினார்கள். இவ்வளவு ஒதுக்கான இடத்துக்குக் கூலியாட்கள் வர மறுத்தார்கள். ஆகவே சான் குவென்டின் சிறைக் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். சால்மன் கிரீக், கிர்க் கிரீக், ஆண்டர்சன் கிரீக் ஆகிய ஓடைக்கரைகளில் அவர்களுக்கு முகாம்கள். ஒரு நாள் கூலி 35 சென்ட். அதோடு தண்டனைக் காலத்தில் ஒரு பங்கு கழிவு. இன்று கேரவன்கள் நிற்கும் கிர்க் கிரீக் முகாம் மைதானத்துக்கு வருகிறவர்கள், அந்த ஓடை ஒரு காலத்தில் கைதிகள் தண்ணீர் மொண்ட ஓடை என்பதை நினைத்துப் பார்ப்பது நியாயம். அவர்கள் பெயர் தாங்கிய பாலம் எதுவும் இச்சாலையில் இல்லை.

மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒவ்வோர் ஓடைக்கும் பாலம் வேண்டியிருந்தது. அவற்றில் புகழ்பெற்றது பிக்ஸ்பி பாலம். அது வருவதற்கு முன் வண்டிகள் பிக்ஸ்பி ஓடையைக் கடக்க மலைக்குள் நெடுந்தூரம் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண்பாதையும் சேறாகிப் போக்குவரத்து நின்றுவிடும். மாநில நெடுஞ்சாலைப் பொறியாளர் சார்லஸ் பர்செல் எஃகை விடுத்துக் கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தார். உப்புக் காற்றில் எஃகுக்கு ஓயாமல் வண்ணம் பூச வேண்டும்; கான்கிரீட்டுக்கு அந்தச் செலவில்லை, பாறையின் நிறத்தோடும் அது ஒத்துப்போகும். 1931 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. வளைவைத் தாங்க ஓடைப்படுகையிலிருந்து மரச்சாரம் எழுப்பினார்கள். குளிர்காலப் பேரலைகள் சாரத்தின் அடியை அறைந்ததால் இடையில் வேலையை நிறுத்த வேண்டியும் வந்தது. 45,000 மூட்டை சிமென்ட் மலைப்பாதையில் லாரிகளில் வந்து சேர்ந்தது. 1932 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 218 மீட்டர். பாலத்துக்கும் கீழே ஓடைக்கும் இடையே ஏறத்தாழ 80 மீட்டர். செலவு 1,99,861 டாலர்.

1937 ஜூனில் சாலை முழுவதும் போக்குவரத்துக்குத் திறந்தது. 18 ஆண்டு வேலை அது. போர்த்தோலா விலகிச் சுற்றிப் போன கரையை ஒரு பகலில் கடக்கலாம் என்ற நிலை வந்தது.

சக்கரத்தின் மேல் வீடு

சாலை திறந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் உச்சத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை வாகனம், ஆர்.வி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1910இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் படுக்கையாக மடங்கும் இருக்கை, கைகழுவும் தொட்டி எல்லாம் கொண்ட காரை விற்பனைக்கு வைத்தது. ஆனால் எளியவர்கள் தங்கள் ஃபோர்டு காரின் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார்கள். 1919இல் புளோரிடாவின் டாம்பா நகரில் அப்படிப்பட்டவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கம் கண்டார்கள். தகர டப்பாவில் அடைத்த உணவைச் சூடாக்கி உண்டவர்கள் என்பதால் அந்தப் பெயர்.

அடுத்த பாய்ச்சல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி பவுலஸ், 1934இல் விமான உடலைப் போலவே அலுமினியத் தகடுகளை ஆணியடித்துச் சேர்த்து ஓர் இழுவை வீட்டைச் செய்தார். வாலி பையம் என்பவர் அந்த வடிவத்தைத் தொடர்ந்து 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரை வெளியிட்டார். நால்வர் படுக்கலாம், தண்ணீர்த் தொட்டியும் மின்விளக்கும் உண்டு. எடை குறைவு என்பதால் மலைச்சாலையில் சாதாரணக் காரும் இழுக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த ஃபோக்ஸ்வாகன் வேன்களில் 1960களில் இளைஞர்கள் பிக் சருக்குத் திரண்டார்கள். 1966இல் ஐயோவா மாநிலத்தின் வின்னபேகோ நிறுவனம் என்ஜினும் வீடும் ஒன்றான வண்டியைத் தொழிற்சாலை வரிசையில் செய்து குறைந்த விலைக்குத் தந்தது. அதே ஆண்டு குடியரசுத் தலைவரின் மனைவி லேடி பர்ட் ஜான்சன், கலிபோர்னியாவின் முதல் இயற்கை எழில் நெடுஞ்சாலையாக இச்சாலையைப் பிக்ஸ்பி பாலத்தருகே அர்ப்பணித்தார். வண்டி மலிந்ததும் சாலை புகழ்பெற்றதும் ஒரே காலம்.

பெரிய கேரவனுக்கு இச்சாலை எளிதன்று. தடம் குறுகல், ஓரத்தில் இடமில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஃபைஃபர் பிக் சர் பூங்காவில் 32 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், மெதுவாகப் போகும் வண்டி அடுத்த ஒதுக்கிடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால், வடக்கிலிருந்து தெற்கே போகிறவருக்குக் கடல் தம் பக்கத்திலேயே வரும். எதிர்த்தடத்தைக் கடக்காமல் ஒதுங்கி நின்று பார்க்கலாம்.

நீர்நாய் கண்ட நாள்

சாலை திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1938 மார்ச்சில் பிக்ஸ்பி ஓடையருகே வசித்த ஹோவர்ட் ஷார்ப் தொலைநோக்கியில் கடலைப் பார்த்தபோது, கெல்ப் என்னும் நெடும் கடற்பாசிப் படுகையில் தாம் அறியாத விலங்குகள் மல்லாந்து மிதப்பதைக் கண்டார். அவை கடல் நீர்நாய்கள். தகவல் சொன்னபோது முதலில் நம்ப ஆளில்லை. உண்மையில் உள்ளூர்க்காரர் சிலருக்கு இந்தச் சிறு கூட்டம் பற்றித் தெரியும். வெளியே சொன்னால் துப்பாக்கி வரும் என்று வாய் திறக்காமல் இருந்தார்கள். 1911இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகள் செய்த ரோமச் சீல் உடன்படிக்கை நீர்நாய் வேட்டையையும் தடுத்திருந்தது. ஆனால் அதற்குள் கலிபோர்னியாவில் மிஞ்சியவை சுமார் 50. அவற்றை அதுவரை காத்தது சட்டத்தை விட, வண்டி வர முடியாத பாறைக்கரைதான்.

சாலையோரத்திலிருந்து பார்க்கும்போது நீர்நாய் முதலில் பாசிக்கொத்தின் ஒரு குமிழாகவே தெரியும். சற்று நேரம் பொறுத்தால் அது முங்கி, சிப்பியோடும் ஒரு கல்லோடும் மேலே வரும். மல்லாந்தபடியே கல்லை மார்பில் வைத்து, சிப்பியை இரு கைகளாலும் பிடித்து அதன்மேல் ஓங்கி அடிக்கும். காற்று அடங்கியிருந்தால் அந்த 'டொக் டொக்' ஓசை கரைவரை கேட்கும். சாப்பிட்டபின் உருண்டு உருண்டு மார்பைக் கழுவி, ரோமத்தை நீவத் தொடங்கும். ரோமத்தில் அழுக்குச் சேர்ந்தால் குளிர் உள்ளே புகும். ஆகவே நீவுவது அதற்கு உயிர்ப்பிரச்சினை. உடல்சூட்டைத் தக்கவைக்க நாள்தோறும் தன் எடையில் கால்பங்கு உணவு வேண்டும். தூங்கும்போது அலை இழுத்துப் போகாதிருக்கப் பாசியை உடம்பில் சுற்றிக்கொள்ளும்.

அது தின்னும் கடல்முள்ளெலிகள் கெல்ப் பாசியை வேரோடு மேய்பவை. நீர்நாய் இருக்கும் இடத்தில் முள்ளெலி கட்டுக்குள் இருக்கும், பாசிக்காடு தழைக்கும், அதில் மீன் பெருகும். 1977இல் கலிபோர்னியா நீர்நாய் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. அந்த 50இலிருந்து பெருகி இன்று ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. எண்ணெய்க் கசிவும், நிலத்திலிருந்து ஆறுகள் வழி வரும் நோய்க்கிருமியும், சுறாக்கடியும் அவற்றை இன்னும் நெருக்குகின்றன.

கரையேறிய யானை சீல்

சான் சிமியனுக்கு வடக்கே பியெட்ராஸ் பிளாங்காஸ் என்ற முனை இருக்கிறது. 1990 நவம்பரில் சாலையை ஒட்டிய அந்தக் கடற்கரையில் இருபது சொச்சம் யானை சீல்கள் வந்து படுத்தன. குவாடலூப் தீவிலிருந்து பெருகிய இனம் வடக்கே தீவு தீவாகப் பரவி, இங்கே பெருநிலத்தில் ஏறியது. 1992இல் முதல் குட்டி பிறந்தது. 1995இல் பிறந்த குட்டிகள் சுமார் 600. இன்று அங்கு வந்துபோகும் விலங்குகள் 25,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது.

முதல் சில ஆண்டுகள் குழப்பமாக இருந்தன. பயணிகள் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு மணலில் இறங்கினார்கள். படம் எடுக்க அருகே போனார்கள். இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட ஆண் விலங்கு மந்தமாகப் படுத்திருக்கும். சீண்டினால் சட்டென்று பாயும். சில விலங்குகள் நெடுஞ்சாலையில் ஏறிப் படுத்தன. 1997இல் உள்ளூர்வாசிகள் தொண்டர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். வண்டி நிறுத்துமிடமும் வேலியும் பலகைப் பாதையும் வந்தன. நீல மேலங்கி அணிந்த தொண்டர்கள் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது.

வேலியருகே நின்றால் சில மீட்டருக்குக் கீழே அவை கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை இனப்பெருக்கக் காலம். ஆண் விலங்கு தொங்கும் மூக்கை உயர்த்தி எழுப்பும் உறுமல் காலி எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டுவது போல் அதிரும். தாய் ஏறத்தாழ நான்கு வாரம் ஒன்றும் உண்ணாமல் குட்டிக்குப் பால் கொடுத்து, பின் அதை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி தானாகவே நீந்தப் பழகும். ஏப்ரல், மே மாதங்களில் பெண் விலங்குகளும் இளையவையும், ஜூலை, ஆகஸ்டில் பெரிய ஆண்களும் தோலுரிக்கக் கரையேறும். மற்ற மாதங்களில் வளர்ந்த விலங்குகள் ஆழ்கடலில். 1,500 மீட்டர் ஆழம் வரைகூட முங்கும்.

இதே கரையில் வரிக்குதிரைகளும் மேய்வதுண்டு. சான் சிமியன் குன்றின்மேல் மாளிகை கட்டிய பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் வைத்திருந்த விலங்குக் காட்சியகத்தின் மிச்சம் அவை. காட்சியகம் 1937க்குப் பின் கலைக்கப்பட்டது. வரிக்குதிரைகள் மாட்டு மந்தையோடு தங்கிப் பெருகின.

திமிங்கலமும் காண்டாரும்

சாம்பல் திமிங்கலங்கள் ஆண்டுதோறும் ஆர்க்டிக் கடலுக்கும் பாகா கழிகளுக்கும் இடையே போக வர 16,000 கி.மீ.க்கு மேல் நீந்துகின்றன. டிசம்பர், ஜனவரியில் தெற்கே போகும். வசந்தத்தில் குட்டிகளோடு கரையை ஒட்டித் திரும்பும். வேட்டைத் தடைக்குப் பின் எண்ணிக்கை உயர்ந்து, 1994இல் அழிவுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் 2019 முதல் பல திமிங்கலங்கள் மெலிந்து கரையொதுங்கின. ஆர்க்டிக்கில் உணவு குறைந்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

காண்டார், நம் ஊர்ப் பாறுவைப் போல இறந்த உடலை உண்ணும் பறவை. சிறகை விரித்தால் 2.9 மீட்டர். ஈயக் குண்டால் சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்று ஈய நஞ்சேறி இறந்ததே அதன் சரிவுக்குப் பெரும் காரணம். 1982இல் உலகில் 22 மட்டுமே இருந்தன. 1987இல் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் இனம் பெருக்கினார்கள். 1997இல் பிக் சரில் மீண்டும் பறக்கவிட்டார்கள். இங்கு அவை கரையொதுங்கிய திமிங்கலத்தையும் கடல்சிங்கத்தையும் உண்ணத் தொடங்கின. கடலில் பல பத்தாண்டுகளுக்கு முன் கொட்டிய டி.டி.டி. பூச்சிக்கொல்லிக் கழிவு அவ்விலங்குகளின் கொழுப்பின் வழியே ஏறி முட்டையோட்டை மெலிதாக்கியதும் தெரியவந்தது. 2019 முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு முற்றிலும் தடை. அடுத்த ஆண்டே டோலன் காட்டுத்தீ காண்டார் உறைவிடத்தை எரித்தது. பத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. இன்று சிறகில் எண் பட்டை அணிந்த காண்டார்கள் மலைவிளிம்புக் காற்றில் சிறகசைக்காமல் வட்டமிடுவதைச் சாலையிலிருந்தே காணலாம்.

சரியும் மலை, காக்கும் விதி

சாண்டா லூசியாவின் கடலோரப் பாறை உறுதியானதன்று. நிலத்தட்டுகள் உரசியதில் நொறுங்கிக் கலந்த பாறை அது. மேலே மழை ஊறுகிறது. கீழே அலை அரிக்கிறது. நடுவே சாலைக்காக வெட்டிய சரிவு. 1983இல் ஏற்பட்ட நிலச்சரிவு சாலையை ஓராண்டுக்கு மேல் மூடியது. 2017 பிப்ரவரியில் ஃபைஃபர் கேன்யன் பாலம் விரிசல் கண்டு அகற்றப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலை சரிந்து சுமார் 400 மீட்டர் சாலையைப் புதைத்துக் கடலுக்குள் புதிய நிலத்தையே தள்ளியது. சரிவின்மேல் புதிய சாலை போட்டு 2018 ஜூலையில் திறந்தார்கள், செலவு 5.4 கோடி டாலர். 2021 ஜனவரியில் ராட் கிரீக்கில் சாலையின் ஒரு துண்டைக் காட்டாறு அடித்துச் சென்றது. 2023இலும் 2024இலும் வெவ்வேறு சரிவுகள் நீண்ட காலம் வழியை அடைத்தன. கேரவனில் கிளம்புகிறவர் முதலில் விசாரிப்பது சாலை திறந்திருக்கிறதா என்பதைத்தான்.

ஆட்களின் பெருக்கம் இன்னொரு சுமை. 2016 ஜூலையில் கராபாட்டா பூங்காவில் யாரோ அணைக்காமல் விட்ட சட்டவிரோதக் கூடாரத் தீ, சோபரானஸ் பெருந்தீயாக மாறி 1,32,000 ஏக்கரை எரித்தது. சாலையோரத்தில் இரவு தங்குவதற்கு இன்று தடை இருக்கிறது. முகாம் மைதானத்தில் முன்பதிவு செய்தே தங்க வேண்டும். கேரவனின் கழிவுநீரை அதற்கென அமைத்த இடத்தில் மட்டுமே கொட்டலாம்.

கட்டடங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 1976இன் கலிபோர்னியாக் கரையோரச் சட்டத்தைத் தொடர்ந்து, 1986இல் பிக் சருக்கு வகுத்த நிலப் பயன்பாட்டுத் திட்டம், நெடுஞ்சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் புதிய கட்டடம் எழும்புவதைத் தடுத்தது. ஹெர்ஸ்ட் பண்ணையின் பரந்த நிலமும் 2005இல் கட்டடம் எழாத பாதுகாப்பு ஒப்பந்தத்துக்குள் வந்தது. 1972இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி இவ்விலங்குகளைத் துன்புறுத்துவது குற்றம். சீலிடமிருந்து 50 கெஜமும் திமிங்கலத்திடமிருந்து 100 கெஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது கடல்சார் துறையின் நெறி. 1992இல் கரைக்கு அப்பாலுள்ள கடலும் மான்டெரே விரிகுடா தேசியக் கடல் காப்பகமாயிற்று.

வேட்டைக்காரன் வந்துசேர முடியாததால் பிழைத்த நீர்நாய், இன்று சாலையோர ஒதுக்கிடத்தில் நிற்கும் நூறு பேர் கண்முன்னே பாசியைச் சுற்றிக்கொண்டு உறங்குகிறது. பார்ப்பவர் எட்ட நிற்பதும், நிற்கும் இடம் குறிக்கப்பட்டிருப்பதும், மீறினால் தண்டனை உண்டு என்பதுமே அதற்கு இன்றுள்ள காவல்.